கிரியேட்டின் எடுத்தால் ஏறுவது தசையா, தண்ணீரா?

இரும்புத்தோள்

வணக்கம் நண்பர்களே. சில வருடங்களாகப் பளுப்பயிற்சி செய்துவருகிறேன். இதுவரை எந்தப் பவுடரும் எடுத்ததில்லை. கொஞ்ச காலமாக ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ட்ரெய்னர் கிரியேட்டின் ஆரம்பிக்கச் சொல்கிறார். வீட்டில் பேச்செடுத்தாலே "கிட்னி போயிடும்" என்று பதறுகிறார்கள். எடுத்தவர்களில் ஒருவர் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ தசை போட்டேன் என்கிறார், இன்னொருவர் அது அத்தனையும் தண்ணீர் என்கிறார்.

எடுத்துப் பார்த்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக எழுதுங்கள். உண்மையில் தசை வளர்கிறதா, வளர்ந்தால் எப்படி வளர்கிறது, கிட்னி பற்றிய பயத்தில் எவ்வளவு நிஜம், இவைதான் என் கேள்விகள்.

ஆய்வகவாசி

நான் மருத்துவர் இல்லை. உயிர்வேதியியல் படித்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பளுவும் தூக்குகிறேன். "எப்படி" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதிலிருந்துதான் வரும்.

கிரியேட்டின் உடம்புக்கு அந்நியப் பொருள் கிடையாது. ஆர்ஜினைன், கிளைசின், மெத்தியோனைன் என்ற மூன்று அமினோ அமிலங்களை வைத்து உடம்பே நாளுக்கு ஏறக்குறைய 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. வேலை பெரும்பாலும் சிறுநீரகத்தில் தொடங்கிக் கல்லீரலில் முடிகிறது. இறைச்சி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு 1 கிராம் அளவுக்கு அதிலிருந்து கிடைக்கும். 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே இறைச்சியிலிருந்துதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும், அதில் 95 சதவீதம் தசைகளுக்குள்.

தசை சுருங்குவதற்கான எரிபொருள் ஏ.டி.பி. முழு பலத்தோடு தூக்கும்போது தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி. சில விநாடிகளுக்குத்தான் வரும். பாஸ்பேட் ஒன்றை இழந்த மூலக்கூறுக்குத் தன்னிடம் உள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து அந்தக் கணமே அதைத் திரும்ப ஏ.டி.பி. ஆக்குவது பாஸ்போகிரியேட்டின், அதாவது தசைக்குள் பாஸ்பேட்டோடு சேர்ந்திருக்கும் கிரியேட்டின். முதல் பத்து விநாடி வரையிலான வெடிப்பு வேகத்துக்கு இதுதான் முக்கிய ஆதாரம். அதற்குமேல் சர்க்கரையும் ஆக்சிஜனும் பொறுப்பெடுத்துக்கொள்ளும். இரண்டு செட்டுக்கு நடுவில் சில நிமிடம் உட்காருகிறோமே, அந்த நேரத்தில் காலியான பாஸ்போகிரியேட்டின் மறுபடி நிரம்புகிறது.

வெளியிலிருந்து கிரியேட்டின் எடுத்தால் தசையில் இருக்கும் மொத்த அளவு கூடும். ரோஜர் ஹாரிஸ் குழுவினர் 1992-ல் தசையிலிருந்து நேரடியாகத் துணுக்கு எடுத்துச் சோதித்து இதைக் காட்டினார்கள். ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு அதிகம் ஏறியது, நிறைய இருந்தவர்களுக்குக் கொஞ்சம்தான் ஏறியது. ஆக, இது நேரடியாகத் தசை கட்டும் பொருள் இல்லை, கடினமான குறுகிய வேலைக்கான கையிருப்பைக் கூட்டும் பொருள்.

கரும்பாறை

அண்ணே, நான் ரொம்ப வருஷமா எடுக்கிறேன், என் அனுபவத்தைச் சொல்றேன்.

முதல் செட்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைப் பார்த்துட்டு "வேலை செய்யல"ன்னு விட்டவங்க நிறைய பேர். வித்தியாசம் தெரியறது நாலாவது, அஞ்சாவது செட்லதான். எனக்கு ஸ்குவாட் அஞ்சு செட், ஒவ்வொரு செட்லயும் அஞ்சு ரெப், அதாவது அஞ்சு தடவை தூக்குறது. முன்னாடி கடைசி செட்ல மூணாவது ரெப்லயே இடுப்பு முதல்ல எழும்பி முதுகு முன்னால சாயும், நாலாவதுல பார் பாதியில நின்னுடும். கிரியேட்டின் ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு அதே எடையில அந்த நாலாவது ரெப் நெஞ்சு நிமிர்ந்தபடியே மேல வந்துச்சு. அஞ்சாவதும் வந்துச்சு, மெதுவா. அவ்வளவுதான் மாற்றம். ஆனா அந்த ரெண்டு ரெப் ஒவ்வொரு பயிற்சியிலும் கிடைச்சா வருஷக் கடைசியில எவ்வளவு கூடுதல் வேலை ஆகுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. தசை அந்த வேலைக்குத்தான் வளருது.

நோட்டுல எழுதி வைக்காதவங்களுக்கு இது கண்ணுல படவே படாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எல்லா செட்டையும் எழுதி வைங்க. கண்ணாடியையும் எடை மெஷினையும் நம்பாதீங்க.

நெடுவழி

கரும்பாறை சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தாலே ரெப் கூடத்தான் செய்யும். பவுடரால் கூடியது எவ்வளவு, பயிற்சியால் கூடியது எவ்வளவு என்று தனி ஒருவர் தன் நோட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

2025-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 54 பேர். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 5 கிராம் கிரியேட்டின், இன்னொரு பிரிவுக்கு இல்லை. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் கிரியேட்டின் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்திலேயே, எதையும் தூக்காமலே, கிரியேட்டின் பிரிவில் கொழுப்பில்லா எடை அரைக் கிலோ அதிகமாகக் காட்டியது. அதற்குப் பிறகு 12 வாரம் இரண்டு பிரிவுக்கும் ஒரே பயிற்சி. இரண்டு பிரிவுமே சராசரியாக 2 கிலோ போட்டார்கள். வித்தியாசம் இல்லை.

தூக்காமலே ஏறிய அரைக் கிலோ தசையாக இருக்க வழியில்லை. பழைய ஆய்வுகளில் "தசை கூடியது" என்று எழுதியதில் எவ்வளவு இந்தத் தண்ணீர் என்பதுதான் என் கேள்வி.

ஆய்வகவாசி

> பழைய ஆய்வுகளில் "தசை கூடியது" என்று எழுதியதில் எவ்வளவு இந்தத் தண்ணீர்

சரியான கேள்வி. மறுக்க மாட்டேன். கிரியேட்டின் செல்லுக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். லோடிங் (முதல் சில நாள் அதிக அளவில் எடுப்பது) செய்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோ ஏறுவது இதனால்தான். உடம்பின் கூறுகளை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் கொழுப்பையும் எலும்பையும் தனியாகப் பிரிக்கும். மீதி எல்லாம் "கொழுப்பில்லா எடை" என்ற ஒரே கணக்கில் விழும், தசை நாரும் தண்ணீரும் உட்பட. ஆகவே டெக்ஸாவில் 1 கிலோ கூடியது என்றால் 1 கிலோ தசை என்று படிக்கக் கூடாது.

அதனால் தசையின் தடிமனையே நேரடியாக அளந்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் போன்ற முறைகளில் அளந்தவற்றை மட்டும் திரட்டி 2023-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் தடிமன் ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை. சின்னது. ஆனால் பூஜ்யம் இல்லை.

பலத்தில் படம் தெளிவாக இருக்கிறது. 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003-ம் வருட மதிப்பீட்டில், பயிற்சியோடு போலி மருந்து (கிரியேட்டின் இல்லாத வெறும் பவுடர்) எடுத்தவர்களுக்குப் பலம் சராசரியாக 12 சதவீதம் கூடியது, கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு 20 சதவீதம். குறிப்பிட்ட எடையில் எத்தனை ரெப் என்பதில் 12 சதவீதத்துக்கு 26 சதவீதம். கரும்பாறையின் நாலாவது ரெப் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. இங்கே எல்லாருமே பயிற்சி செய்தவர்கள், எனவே பயிற்சியின் பங்கை ஏற்கெனவே கழித்தாகிவிட்டது.

நெடுவழி சொன்ன ஆய்வை நான் ஒதுக்கவில்லை. அதில் வந்தவர்கள் பயிற்சிக்குப் புதியவர்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதல் மூன்று மாதம் எதைத் தொட்டாலும் வளரும், அந்த வளர்ச்சிக்கு நடுவில் ஒரு சின்ன உதவி கண்ணில் படாமல் போகலாம். இது என் ஊகம்தான், அந்த ஆய்வின் முடிவு இல்லை.

நெடுவழி

நேர்மையான பதில், நன்றி. நான் எதிர்ப்பது பவுடரை இல்லை, ட்ரெய்னர்கள் அதை விற்கும் விதத்தை. "ஒரு வாரத்தில் இரண்டு கிலோ தசை" என்று சொல்லி ஆரம்பிக்க வைக்கிறார்கள். நிறுத்தியதும் அந்த எடை இறங்கும். பையன் "தசை கரைஞ்சு போச்சு" என்று பயந்து திரும்ப வாங்குகிறான். நான் பயிற்சி செய்யும் இடத்திலேயே இதைப் பார்க்கிறேன், மனசு பொறுக்கவில்லை. நிறுத்தினால் தசையிலுள்ள கிரியேட்டின் நாலிலிருந்து ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும், கூட வந்த தண்ணீரும் போகும். உழைத்துக் கட்டிய தசை அப்படியே இருக்கும். இதை ஒருவரும் அந்தப் பையனிடம் சொல்வதில்லை.

புதுவரவு

அண்ணா எனக்கு 16 வயசு, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஜிம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. லோடிங் பண்ணலன்னா வேலையே செய்யாது, ஒரு நாளைக்கு 20 கிராம் ஒரே தடவையா கலக்கிக் குடின்னு ஃப்ரெண்ட் சொல்றான். பண்ணலாமா?

கரும்பாறை

தம்பி, வேண்டாம். கேட்டுட்டு செய்யலாம்னு வந்தியே, அது ரொம்ப நல்ல விஷயம்.

லோடிங் பத்தி எல்லாருக்குமே சேர்த்துச் சொல்லிடறேன். 1996-ல ஹல்ட்மேன் குழு பண்ண ஆய்வுல, நாளைக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தவங்களுக்கும், நாளைக்கு வெறும் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தவங்களுக்கும் தசையில சேர்ந்த அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். லோடிங் பண்ணா சீக்கிரம் நிரம்பும், பண்ணலன்னா மூணு நாலு வாரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். போட்டி ரெண்டு வாரத்துல இருக்கிறவனுக்கு அவசரம். நமக்கு என்ன அவசரம்?

லோடிங் பண்றவங்ககூட 20 கிராமை நாலு வேளையா பிரிச்சுத்தான் எடுப்பாங்க. ஒரே தடவையில 10 கிராம் குடிச்சாலே வயித்தால போறது கூடுதுன்னு ஆய்வு இருக்கு, அதையே அஞ்சு அஞ்சா பிரிச்சு எடுத்தவங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. 20 கிராமை ஒரே மூச்சுல குடிச்சா அன்னிக்கு ஜிம் பக்கம் போக முடியாது.

ஆய்வகவாசி

புதுவரவு தம்பிக்கு: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் நீண்டகாலம் செய்த ஆய்வுகள் குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பதின்வயதினர் எடுப்பதை ஊக்குவிப்பதில்லை. ஆபத்து என்று நிரூபணமானதால் வந்த நிலைப்பாடு இல்லை இது, போதிய தரவு இல்லாததால் வந்தது. உன் வயதில் உடம்பு தானாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது. வயிறு நிறையச் சாப்பாடு, எட்டு மணி நேரத் தூக்கம், ஸ்குவாட்டைச் சரியான முறையில் கற்றுக்கொள்வது, இந்த மூன்றும் உனக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எந்த டப்பாவும் கொடுக்காது. அப்பா அம்மாவிடம் மறைத்து எதையும் வாங்காதே.

புதுவரவு

சரி அண்ணா. வாங்கல. ஸ்குவாட் வீடியோ எடுத்து வேற இழையில போடறேன், பாத்து சொல்லுங்க.

மாலைவெயில்

இந்த இழையைப் படித்ததும் உடனே எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது, ஜிம் போகிறான், கிரியேட்டின் எடுக்கிறான். வேலைக்காக முழு உடல் பரிசோதனை செய்தான். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.5 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ஜி.எஃப்.ஆர். அளவும் குறைவு என்று போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட் கொடுத்தவர் "கிட்னி பாதிப்பு ஆரம்பம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். பவுடர் எடுக்கிறாயா, ஜிம் போகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இது உண்மையிலேயே கிட்னி பிரச்சினையா?

ஆய்வகவாசி

அக்கா, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக் கிட்னி கெட்டது என்றும் சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், மருத்துவரிடம் போகும்போது உதவும்.

தசையில் இருக்கும் கிரியேட்டினில் தினமும் ஒன்றரை சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம் வரை தானாகவே உருமாறிக் கிரியேட்டினின் என்ற கழிவாகிறது. அது ரத்தத்துக்கு வந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் இது தேங்கும். அதனால்தான் மருத்துவர்கள் இதை அளக்கிறார்கள். ஜி.எஃப்.ஆர். என்று ரிப்போர்ட்டில் வரும் எண் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், அதைப் பெரும்பாலும் யாரும் நேரடியாக அளப்பதில்லை. கிரியேட்டினின் அளவு, வயது, பாலினம் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறார்கள்.

அந்தச் சூத்திரத்துக்கு உங்கள் தம்பி ஜிம் போகிறவர் என்று தெரியாது. தசை அதிகம் இருந்தால் கிரியேட்டினின் அதிகம் உருவாகும். கிரியேட்டின் பவுடர் எடுத்தால் உருமாறுவதற்கான சரக்கே கூடிவிடுகிறது, அதனாலும் ஏறும். முந்தைய நாள் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தாலும், நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும், தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்திருந்தாலும் ஏறும். சிறுநீரகம் மந்தமானதால் எண் கூடியிருக்கலாம், அல்லது சிறுநீரகம் சரியாக வெளியேற்றியும் உற்பத்தி கூடியதால் கூடியிருக்கலாம். ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது உடம்பின் எல்லாச் செல்களிலிருந்தும் வரும் ஒரு சிறு புரதம். கிரியேட்டின் எடுப்பதால் அது ஏறாது, தசை அளவையும் பெரிதாகச் சார்ந்திராது. அதை வைத்தும் ஜி.எஃப்.ஆர். கணக்கிடலாம். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், சிறுநீரக வடிகட்டி சேதப்பட்டால் அநேகமாக அங்கே தெரிந்துவிடும். பவுடரை நிறுத்தி, சில வாரம் கழித்து, கடும் பயிற்சி இல்லாத நாட்களுக்குப் பிறகு கிரியேட்டினினைத் திரும்பவும் பார்ப்பது இன்னொரு வழி.

அதற்காக "பவுடர்தான் காரணம், விட்டுவிடுங்கள்" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லவே மாட்டேன். 24 வயதிலும் உண்மையான சிறுநீரக நோய் வரும். சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு நாளாக, எத்தனை கிராம், வேறு என்ன எடுக்கிறார், வலி மாத்திரை அடிக்கடி போடுகிறாரா, எல்லாவற்றையும் தம்பி மறைக்காமல் சொல்ல வேண்டும். வலி மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஜிம் பையன்கள் தோள்வலிக்கு இஷ்டத்துக்கு விழுங்கும் அந்த மாத்திரைகள் கிட்னிக்குச் செய்யக்கூடிய கெடுதல் நிரூபணமான ஒன்று, அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை.

இரும்புத்தோள்

அப்படியானால் கிட்னி பயம் முழுக்கவே இந்தப் பரிசோதனைக் குழப்பத்திலிருந்து வந்ததுதானா?

ஆய்வகவாசி

பெரும்பகுதி அதிலிருந்து. இன்னொரு பகுதி 1998-ல் லான்செட் இதழில் வந்த ஒரு நோயாளியின் கதையிலிருந்து. 25 வயது இளைஞர், கிரியேட்டின் எடுத்தபோது சிறுநீரகச் செயல்பாடு குறைந்தது, நிறுத்தியதும் மீண்டது. ஆனால் அவருக்கு அதற்கு முன்பே பல வருடங்களாகச் சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழும் நோய் இருந்தது. பத்திரிகைகளில் அந்த விவரம் அடிபட்டுப்போய், "கிரியேட்டின் கிட்னியைக் கெடுக்கும்" என்ற பாதி மட்டும் ஊர் சுற்றியது.

சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு 30 கிராம் வரை ஐந்து வருடம் எடுத்த தரவுகளிலும் தீங்கு காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. "ஆரோக்கியமானவர்கள்" என்ற இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, ஏற்கெனவே கிட்னி குறைபாடு, ஒற்றைக் கிட்னி, கிட்னியைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் நிறைய. ஆகவே நீங்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் இரும்புத்தோள். பிறகு எண் ஏறினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய எண் கையில் இருக்கும்.

மல்யுத்தன்

குஸ்தி ஆட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று. 1997 கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். உடனே பழி கிரியேட்டின் மேல் விழுந்தது. விசாரித்துப் பார்த்தால், எடைப் பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீரைக் குறைத்து, சூடான அறையில், காற்றுப் புகாத உடை போட்டுக்கொண்டு வியர்வையைப் பிழிந்தெடுத்திருக்கிறார்கள். உடம்புச் சூடும் நீரிழப்பும்தான் கொன்றது. அதன் பிறகு அங்கே கல்லூரிப் போட்டிகளில் எடைக் குறைப்பு விதிகளையே மாற்றினார்கள்.

எடைப் பிரிவில் போட்டியிடுகிறவர்களுக்குக் கிரியேட்டினால் ஏறும் ஒரு கிலோ பெரிய விஷயம். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் லோடிங் செய்துவிட்டுப் பிறகு அந்தத் தண்ணீரை வியர்வையில் இறக்கப் பார்க்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: கிரியேட்டின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் டப்பாவில் வேறு ஏதாவது கலந்திருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் மாதிரி வெளியாள் பரிசோதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சீப்புக்காரன்

முடி கொட்டும்ங்கிறாங்களே? எனக்கு ஏற்கெனவே முன்நெற்றி ஏறிக்கிட்டு வருது, அதான் பயம்.

நெடுவழி

அந்தப் பயம் 2009-ல் வந்த ஒரே ஒரு தென்னாப்பிரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. ரக்பி வீரர்களுக்கு லோடிங் செய்தபோது, முடி கொட்டுவதோடு தொடர்புள்ள டி.எச்.டி. ஹார்மோன் ஒரு வாரத்தில் 56 சதவீதம் கூடியது. முடியை அவர்கள் பார்க்கவே இல்லை, ஹார்மோனை மட்டும்தான் அளந்தார்கள். 2025-ல் நாளுக்கு 5 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து ஹார்மோனையும் முடியையும் சேர்த்தே அளந்த ஆய்வு வந்தது, இரண்டிலும் போலி மருந்துப் பிரிவோடு வித்தியாசம் இல்லை. 12 வாரம் முடிக்குக் குறுகிய காலம்தான். ஆனாலும் இன்றைக்கு இருக்கும் ஆதாரம் பயப்படுகிற பக்கம் இல்லை. முன்நெற்றி ஏறுவது பரம்பரையாக இருக்கும், அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

செவ்வந்தி

இங்கே எல்லாரும் பசங்களாகவே இருக்கிறீர்கள், நானும் கேட்கலாமா? எனக்கு 56 வயது. மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகின்றன. டம்பெல் பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன். சுத்த சைவம். எலும்புக்கும் நல்லது என்று மகள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

ஆய்வகவாசி

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. உண்மையில் இந்தப் பொருளால் அதிகம் பயன்படக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவு, அதனால் எடுக்கும்போது ஏற்றமும் அதிகம். பவுடர் தொழிற்சாலையில் ரசாயன முறையில் தயாராவது, இறைச்சியிலிருந்து எடுப்பது இல்லை. கேப்ஸ்யூலாக இருந்தால் மட்டும் அதன் உறை ஜெலட்டினா என்று பாருங்கள்.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-ல் தொகுத்தபோது, பளுப்பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை சராசரியாக 1.37 கிலோ அதிகம் கூடியிருந்தது. நெடுவழி மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு இதற்கும் பொருந்தும், ஆனால் பலமும் சேர்ந்தே கூடியிருக்கிறது.

எலும்பு விஷயத்தில் மகளிடம் சொல்லிவிடுங்கள்: மாதவிடாய் நின்ற பெண்களிடம் இரண்டு வருடம் நடந்த பெரிய ஆய்வில் எலும்பு அடர்த்தி கூடவில்லை. எலும்புக்கான மருந்தாக இதை நினைத்து, மருத்துவர் கொடுத்த வேறு எதையும் நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி இல்லாமல் பவுடர் மட்டும் குடித்தாலும் பலன் மிகக் குறைவு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? எடுத்தால் முதலில் உங்கள் மருத்துவர்.

செவ்வந்தி

ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை உண்டு. கேட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். எலும்பு பற்றிச் சொன்னதற்கு நன்றி, கால்சியம் மாத்திரையை நிறுத்தலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்புத்தோள்

கடைக்குப் போனால் மோனோஹைட்ரேட், ஹெச்.சி.எல்., எத்தில் எஸ்டர், பஃபர்டு என்று தலை சுற்றுகிறது. எதை வாங்குவது? எப்போது குடிப்பது?

கரும்பாறை

மோனோஹைட்ரேட். கண்ணை மூடிட்டு அதை வாங்குங்க. ஆய்வுகள்ல 90 சதவீதத்துக்கு மேல அதை வெச்சுத்தான் நடந்திருக்கும். எத்தில் எஸ்டர் வயித்துக்குள்ளேயே கிரியேட்டினினா உடைஞ்சு போகுது, காசு வேஸ்ட். பஃபர்டு, சாதா மோனோஹைட்ரேட்டைவிட மேல்னு காட்டல. ஹெச்.சி.எல். தண்ணியில நல்லா கரையும், அதைத் தாண்டி பலன் அதிகம்னு ஆதாரம் இல்ல. மென்னு திங்கிற ஜெல்லி மிட்டாய் வடிவத்துல வர்றதை நான் தொடமாட்டேன், எழுதியிருக்கிற அளவு உள்ளே இருக்கான்னே சந்தேகம்.

நேரம் காலம் முக்கியமில்ல. தினமும் 3லேர்ந்து 5 கிராம், பயிற்சி இல்லாத நாளும் சேர்த்து. மறக்காம இருக்க ஏதாவது ஒரு வேளை சாப்பாட்டோட சேர்த்துக்கோங்க. குடிச்சதும் டம்ளர் அடியில மணல் மாதிரி கொஞ்சம் நிக்கும், அதுதான் சரக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி ஒரு சுழற்று சுழற்றி அதையும் குடிங்க. வெதுவெதுப்பான தண்ணியில கலக்கினா நல்லா கரையும்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் வேலை செய்யாது. நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது, அவங்க தசை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ரெண்டு மாசம் நோட்டுல எழுதிப் பார்த்தும் அசையலன்னா நிறுத்திடுங்க, அதுல ஒரு நஷ்டமும் இல்ல.

மாலைவெயில்

தம்பியைச் சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப் போய் வந்தோம். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னார், சிறுநீர்ப் பரிசோதனையும். இரண்டுமே சரியாக வந்திருக்கின்றன. ஆல்புமின் கசிவு இல்லை, ரத்த அழுத்தமும் சரி. பவுடரை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, திரும்ப கிரியேட்டினின் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். வலி மாத்திரை பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது, முழங்கால் வலிக்கு இவன் வாரத்தில் பாதி நாள் போட்டுக்கொண்டிருக்கிறான், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மருத்துவர் அதற்குத்தான் கடுமையாகத் திட்டினார். அம்மா இப்போது சாப்பிடுகிறார். உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆய்வகவாசி

ரொம்ப சந்தோஷம் அக்கா. அடுத்த பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் ஜிம்முக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள், ரத்தம் கொடுக்கும் அன்று காலை தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். முழங்காலையும் யாரிடமாவது காட்டுங்கள், அது அப்படியே நிற்கிறதே.

இரும்புத்தோள்

நானும் ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டேன், எல்லாம் சரி. ஸ்குவாட் நோட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். அது முடிந்ததும் லோடிங் இல்லாமல் நாளுக்கு 5 கிராம். வீட்டில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன், கிட்னி பகுதியை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. வாங்கிய டப்பாவைத் திறந்தால் பவுடர் அங்கங்கே கட்டியாக இருக்கிறது. கெட்டுப்போனதா? முந்தின இரவே கரைத்து பாட்டிலில் வைத்துக் காலையில் குடிக்கலாமா?

கரும்பாறை

கட்டி ஈரக்காத்து பட்டதால வர்றது. நிறம் மாறாம, வாடை இல்லாம, ஸ்பூனால அழுத்தினா உதிர்ந்துச்சுன்னா ஒண்ணும் ஆகல. ஈர ஸ்பூனை உள்ளே விடாதீங்க, மூடியை இறுக்கி மூடுங்க. ஸ்கூப் கணக்கை நம்பாம எடை போட்டுப் பாருங்க, கட்டியா இருந்தா ஒரு ஸ்கூப்புல அளவு மாறும். இரவே கரைச்சு வைக்காதீங்க, தண்ணியில நேரம் ஆக ஆக கிரியேட்டின் உடைய ஆரம்பிக்கும், பழச்சாறு மாதிரி புளிப்பா இருந்தா இன்னும் வேகமா உடையும். கலக்கினதும் குடிச்சுடுங்க.